கடைசி வரிக்கு எண்டர் தட்டாத ஊர்

நெடுங்காலூரில் தெருவுக்கும் தெருவுக்கும் நடுவே காலித் தெரு முளைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு, பேரூராட்சி ஆபீஸில் பியூன் சீல் குத்தி முடித்த அடுத்த நிமிஷம். அதைப் பார்த்து யாரும் வாயைப் பிளக்கவில்லை. அந்த ஊரில் சீல் குத்தின காகிதத்தில் இருப்பதுதான் இருக்கும், இல்லாதது இருக்காது. செத்துப்போன பொன்னையா கோனார் பட்டியலில் பேர் இருந்த ஒரே காரணத்தால் எட்டு வருஷம் வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போனார், உயிரோடு இருந்த அவர் சம்சாரம் பேர் விட்டுப்போன பாவத்துக்கு ரேஷன் கடையில் யார் கண்ணுக்கும் தெரியாமல் நாள் முழுக்க நின்று வெறும் பையோடு வீட்டுக்குத் திரும்பினாள், இதையெல்லாம் பார்த்துப் பழகின ஊர்.

முளைத்த தெருக்கள் பேஷாக இருந்தன. நல்ல அகலம், வழுவழு சிமெண்டு, வீடு கிடையாது, வாசல் கிடையாது, கரண்டு கம்பம் கிடையாது, ஒரு நாய்கூடக் கிடையாது, முனையில் மட்டும் நீலப் பலகை ஒன்று, பலகையில் ஒன்றும் எழுதாமல். பன்னிரண்டு மணிக்குக் கீழ ரத வீதிப் பெண்கள் அதில் மிளகாய் காயப்போட்டார்கள், இரண்டு மணிக்குக் கார் வைத்திருந்தவர்கள் காரைக் கொண்டுவந்து நிறுத்தி மேலே தார்ப்பாயும் போட்டார்கள், நாலு மணிக்கு ஒருத்தர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியே ஆரம்பித்துவிட்டார், சாயங்காலத்துக்குள் இரண்டு கட்சிக்காரர்கள் கொடிக்கம்பம் நட்டு அதில் ஒருத்தன் மண்டையை இன்னொருத்தன் உடைத்தும் ஆயிற்று. மூன்றாம் நாள் ஒரு பிள்ளையார் வந்து உட்கார்ந்தார். இத்தனைக்கும் நடுவே ஊரின் இருபத்து மூன்றாவது தெரு, வாய்க்கால் காலனி, எண்பது வீட்டோடு காணாமல் போயிருந்ததைக் கவனிக்க ஊருக்கு நேரம் கிடைக்கவில்லை.

அம்சவேணிக்கு மட்டும் அன்றைக்கே தெரிந்தது. அவள் அந்த ஆபீஸில் ஆறு வருஷமாக ஒப்பந்த கம்ப்யூட்டர் ஆபரேட்டர், வீடு வாய்க்கால் காலனி, அம்மா கெங்கம்மா அதே பேரூராட்சியில் முப்பது வருஷமாகத் தெருக் கூட்டுகிறவள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அம்சவேணி வழக்கம்போல நடந்தாள். அரிசி ஆலை மதிலைத் தாண்டினால் தெரு முனை, முனையில் குழாய், குழாய்க்கு மூன்றாவது வீடு. மதிலைத் தாண்டினாள், வாய்க்கால் வந்துவிட்டது. திரும்பி நடந்தாள், மதில் வந்துவிட்டது. நடுவே ஒரு ஆள் படுக்கிற அகலம்கூட இல்லை. அம்மாவுக்குப் போன் போட்டாள். இரண்டாவது மணிக்கே எடுத்துவிட்டாள் கெங்கம்மா.

"எங்கம்மா இருக்க?"

"எங்க இருப்பேன், வூட்டுலதான். முட்டி வீங்கி லீவு போட்டேன்னு உனக்குத் தெரியாதா? சோறு ஆறுது, வா."

"தெருவையே காணோம்மா!"

"அதைத்தான் நானும் பாக்குறேன். வெத்தல வாங்கலாம்னு முனைக்குப் போனா, திரும்ப நம்ம குழாய்கிட்டயே வந்து நிக்கிறேன். நாலு வாட்டி போனேன். எதுத்த வூட்டு செல்லாயி ஆறு வாட்டி போனா. அப்புறம் கால் வலிக்குதுன்னு உக்காந்துட்டோம். ஏண்டி, ஆபீஸ்ல என்னத்தப் பண்ணித் தொலைச்சீங்க?"

டவர் கிடைத்தது, வழிதான் கிடைக்கவில்லை. உள்ளே முப்பத்தெட்டு பேர் மாட்டியிருந்தார்கள், முட்டி வீங்கினவர்கள், பிள்ளை பெற்றவர்கள், காய்ச்சல்காரர்கள். மற்றவர்கள் எல்லாம் விடியற்காலையிலேயே ஊரைக் கூட்டக் கிளம்பி வந்திருந்தவர்கள், சீல் விழுந்தபோது துடைப்பத்தோடு வெளியே நின்றதால் தப்பினார்கள். உள்ளே குழாய் இருந்தது, தண்ணீர் வரவில்லை. கெங்கம்மா வீட்டில் ஏழு குடம் நிறைந்திருந்தது.

அம்சவேணிக்கு என்ன நடந்தது என்று அப்போதே பாதி புரிந்துபோயிற்று. மாதம் இரண்டு தடவை, ஒன்றாம் தேதியும் பதினாறாம் தேதியும், எந்தெந்தத் தெருவுக்கு எந்த வரிசையில் குடிதண்ணீர் திறப்பது என்று ஒரு பட்டியல் அந்த ஆபீஸிலிருந்து போகும். அந்தப் பட்டியல் சன்னதித் தெருவில் ஆரம்பித்து வாய்க்கால் காலனியில் முடியும். டைப்ரைட்டர் காலத்தில் அப்படித்தான், அதற்கு முன்னால் கையெழுத்துக் காலத்தில் அப்படித்தான், யார் முடிவு செய்தது என்று எந்தக் கோப்பிலும் கிடையாது. தண்ணீர் அந்த வரிசையில் இறங்கி இறங்கி வாய்க்கால் காலனிக்கு வரும்போது குழாய் உஸ்ஸென்று காற்றைத்தான் விடும். கம்ப்யூட்டர் வந்ததும் முன்பு இருந்த ஆபரேட்டர் ஒருத்தர் எடிட்டரில் இருபது வரிக் கட்டளையாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்துவிட்டுக் கல்யாணமாகிப் போய்விட்டார். பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு வரியாக எடுத்து, எண் போட்டு, நாள் போட்டு, பிரிண்டருக்கு அனுப்புவது அதன் வேலை. ஆறு வருஷமாக அது ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அந்த மாதம்தான் மேலிடத்து உத்தரவு ஒன்று வந்து பழைய சிஸ்டத்தை எடுத்துவிட்டுப் புது சிஸ்டம் போட்டார்கள். புது சிஸ்டத்தில் முதலில் ஒரு பென்குயின் படம் வரும். ஆபீஸில் எல்லோரும் அதை வாத்து என்றார்கள். வாத்து சிஸ்டத்தில் அதே ஸ்கிரிப்டை, அதே பட்டியலை, அதே விரலால் அம்சவேணி ஓட்டினாள். வெளியே வந்த காகிதத்தில் ஒவ்வொரு தெருவுக்கும் கீழே ஒரு வெற்று வரி இருந்தது, கடைசியில் வாய்க்கால் காலனி இல்லை. அவள் வாய் திறப்பதற்குள் பியூன் சீல் குத்திவிட்டார். பிரிண்டரிலிருந்து எது வந்தாலும் சூடு ஆறுவதற்குள் குத்திவிடுவது அவர் பழக்கம்.

"சார், தப்பா வந்திருக்கு சார். திரும்ப ஓட்டணும்" என்று செயல் அலுவலர் புஷ்பநாதனிடம் போய் நின்றாள். ஈ.ஓ. புஷ்பநாதன் பக்கத்து ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர், எந்தத் தெரு போனாலும் வந்தாலும் அவருக்கு ஐந்தரை பஸ் தவறாது.

"பட்டியல் பதினாறாம் தேதிதாம்மா அடுத்து. நடுவுல ஓட்ட விதி இல்ல. மனு குடு, கூட்டத்துல வைக்கிறேன்."

"எங்கம்மா உள்ள இருக்காங்க சார்."

"அப்ப மனுவுல அதையும் சேர்த்து எழுது."

பட்டியல் கோப்பைத் திறக்கும் கடவுச்சொல் அவரிடம், சீல் அவர் மேஜை டிராயரில். அவள் மனு எழுதினாள். எழுதும்போது அழுகை வந்தது, அழுதுகொண்டே எழுதினாள்.

வெளியே தப்பியவர்கள் நூறு பேருக்கு மேல் அன்று படுக்க இடமில்லாமல் காலித் தெரு ஒன்றில் துடைப்பத்தைத் தலைக்கு வைத்துப் படுத்தார்கள். மிளகாய்க்கு இடம் இருந்தது, காருக்கு இடம் இருந்தது, பிள்ளையாருக்கும் இடம் இருந்தது, ஆனால் மறுநாள் பத்து மணிக்கு ஆக்கிரமிப்பு என்று ஒரு நோட்டீஸ் வந்தது. அந்த நோட்டீஸை அடித்துக் கொடுத்தவளும் அம்சவேணிதான், வேறு ஆபரேட்டர் அந்த ஆபீஸில் இல்லை. அவர்கள் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். ஊரைக் கூட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை, இருபத்திரண்டு தெருவோடு இருபத்திரண்டு காலித் தெருவையும் சேர்த்துக் கூட்டச் சொல்லி மேஸ்திரி உத்தரவு போட்டிருந்தார்.

மூன்றாம் நாள் மாவட்டத்திலிருந்து குலசேகரன் என்று ஒரு நிபுணர் வந்தார். கழுத்தில் அட்டை, கையில் வெள்ளி நிறத்தில் அவருடைய சொந்த லேப்டாப். பழைய சிஸ்டமும் இல்லாமல் வாத்தும் இல்லாமல் அது மூன்றாவது ஜாதி. பட்டியலையும் ஸ்கிரிப்டையும் அதில் ஏற்றிப் பத்து நிமிஷம் உற்றுப் பார்த்தார்.

"ஸ்கிரிப்ட்ல ஒரு தப்பும் இல்லையே. என் சிஸ்டத்துல சூப்பரா ஓடுதே" என்று சொல்லிப் பிரிண்ட் எடுத்தார். பியூன் குத்தினார்.

குலசேகரனின் காகிதத்தில் எல்லாத் தெருவும் ஒரே வரியில் இருந்தது. ஊரும் அப்படியே ஒரே தெருவாகிவிட்டது, கோபுர வாசலில் ஆரம்பித்து நாலு மைலுக்கு நேராக ஒரே தெரு, இந்தப் பக்கம் ஒரு வரிசை வீடு, அந்தப் பக்கம் ஒரு வரிசை வீடு. காலித் தெருவிலிருந்த கார்களும் மிளகாயும் பிள்ளையாரும் யார் வீட்டு வாசலிலோ போய் நின்றன. எங்கே எந்த வீடு போய் ஒட்டும் என்று கணக்கே இல்லாததால் சேர்மன் கனகசபாபதியின் மாடி வீட்டுக்கு இந்தப் பக்கம் ஜவுளிக்கடை, அந்தப் பக்கம் கெங்கம்மா வீடு. கோழி அவர் வராந்தாவில் ஏறியது. சன்னதித் தெருக்காரர்கள் போட்ட கூச்சலில் ஈ.ஓ. டீயைக்கூடக் குடித்து முடிக்கவில்லை. காலனி காணாமல் போய் மூன்று நாள் ஆகியும் நடுவில் பட்டியல் ஓட்ட விதி இல்லை என்றவர், சேர்மன் ஒரு போன் போட்டதும் செவ்வாய்க்கிழமைக் காகிதத்தையே எடுத்து மறுபடி சீல் குத்தச் சொன்னார். நாற்பதே நிமிஷம். காலித் தெருக்கள் திரும்பின, வாய்க்கால் காலனி மறுபடி போயிற்று.

"எம்மா, நாப்பது நிமிஷம் வழி இருந்துச்சே! ஓடி வந்திருக்கலாமே!" அம்சவேணி போனில் கத்தினாள்.

"குழாய்ல தண்ணி வந்துச்சுடி. சேர்மன் வூட்டுக்குப் பக்கத்து வூடாச்சே, என்னா வேகம்ங்குற! முப்பது வருஷத்துல அப்படி ஒரு தண்ணிய நான் பாத்ததில்ல. எல்லாரும் குடம், அண்டா, பேசின்னு வரிசை கட்டிட்டோம். நான் இருபது குடம் புடிச்சேன். அப்புறமா நிதானமா வரலாம்னு இருந்தேன். இவ்ளோ சீக்கிரம் புடுங்கிப்பானுங்கன்னு யாருக்குத் தெரியும்?"

அம்சவேணிக்கு ஆத்திரமும் வந்தது, சிரிப்பும் வந்தது. குலசேகரன் "பயனர் பிழை" என்று அறிக்கை எழுதி வைத்தார். "எதையாவது ஒண்ணைத் தொட்டா மொத்தமும் போனாலும் போகலாம்" என்று ஒரு எச்சரிக்கையும் சேர்த்துவிட்டு வண்டி ஏறிப் போய்விட்டார்.

அதற்கப்புறம் அவள் யாரையும் நம்பவில்லை. தன் பங்குக்கு ஒரு சின்னப் பட்டியல் செய்தாள், இட்லி, தோசை, பொங்கல், மூன்றே வரி. சீல் குத்தாத காகிதத்தை ஊர் மதிக்காது, அதனால் எந்த ஹோட்டலுக்கும் ஆபத்தில்லை. பியூன் கையில் சிக்காமல் ஒரு மத்தியானம் முழுக்க அதை ஓட்டிப் பார்த்தாள். வாத்து சிஸ்டத்தில் அடித்து வாத்து சிஸ்டத்தில் ஓட்டினால் வெற்று வரி வரவில்லை, ஆனால் பொங்கலும் வரவில்லை. தெருப் பட்டியல் போலப் பழைய சிஸ்டத்தில் அடித்த கோப்புகளுக்கு மட்டும் வெற்று வரி வந்தது. கண்ணுக்குத் தெரியாத குறிகளைக் காட்டச் சொல்லி எடிட்டரில் ஒரு பொத்தான் உண்டு, அதை அமுக்கியதும் விஷயம் பல்லிளித்தது. பழைய சிஸ்டம் ஒரு வரி முடிந்தது என்பதற்கு இரண்டு குறி போடுகிறது, வாத்து ஒன்றுதான் போடும். ஸ்கிரிப்ட் அந்த இரண்டையும் இரண்டு வரி என்று எண்ணிவிடுகிறது, அதுதான் காலித் தெரு. சரி, பொங்கல் ஏன் வரவில்லை? இட்லிக்குப் பின்னால் குறி இருந்தது, தோசைக்குப் பின்னால் இருந்தது, பொங்கலுக்குப் பின்னால் இல்லை. அவள் பொங்கல் என்று அடித்துவிட்டு எண்டர் தட்டவில்லை. குறி இல்லாத வரியைப் பழைய சிஸ்டம் போனால் போகிறது என்று எடுத்துக்கொண்டது, வாத்து அதை வரி என்றே மதிக்கவில்லை.

தெருப் பட்டியலை அடித்தவர்கள் எல்லாத் தெருவுக்கும் எண்டர் தட்டியிருந்தார்கள், அடுத்த தெரு வரவேண்டும் என்பதற்காக. வாய்க்கால் காலனிக்கு மட்டும் யாரும் தட்டவில்லை. அதற்குப் பின்னால் ஒரு தெரு வரும் என்று நெடுங்காலூரில் பிறந்த ஒருத்தர் புத்திக்கும் ஒரு நாளும் தோன்றியதில்லை, அவ்வளவுதான் விஷயம். அம்மாவும் செல்லாயியும் ஒரு எண்டர் இல்லாமல் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள்.

எட்டாம் தேதி மன்றக் கூட்டத்தில் மனுவை எடுத்தார்கள். பதினைந்து கவுன்சிலர்களில் சேர்மனையும் சேர்த்து ஒன்பது பேர் குடித்தனம் சன்னதித் தெருவில். வாய்க்கால் காலனி வார்டு கவுன்சிலருக்கே கார்டில்தான் காலனி விலாசம், குடியிருப்பு சன்னதித் தெரு மாடி. காலித் தெரு வந்ததிலிருந்து சேர்மனின் கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்திலேயே நூறு கார் நிற்கிற இடம் கிடைத்திருந்தது, ஒவ்வொரு கவுன்சிலருக்கும் அப்படி ஏதோ ஒன்று கிடைத்திருந்தது. அம்சவேணி கையைக் கட்டிக்கொண்டு நின்று எல்லாவற்றையும் விளக்கினாள். "ஒரே ஒரு எண்டர்தாங்க ஐயா. நான் இப்பவே தட்டிடுறேன்."

சேர்மன் கனகசபாபதி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "ஏ பொண்ணு, ஒரு எண்டர்னு சாதாரணமா சொல்ற. இன்னிக்கு அங்க ஒரு எண்டர் தட்டினா, நாளைக்கு எனக்கு ஒண்ணு உனக்கு ஒண்ணுன்னு ஊரே வந்து நிக்கும். ஒண்ணைத் தொட்டா எல்லாம் போயிரும்னு நிபுணரே எழுதிக் குடுத்திருக்காரு."

"உள்ள தண்ணி இல்லீங்க ஐயா."

"எப்ப இருந்துச்சு? பழகினவங்கதானே. போன் எடுக்குதுல்ல? பொறுமையா இருக்கச் சொல்லு."

கவுன்சிலர்கள் சிரித்தார்கள். தீர்மானம் எண் நாற்பத்தேழு, ஸ்கிரிப்டில் ஓர் எழுத்தையோ புள்ளியையோ மன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் எவரும் திருத்தக் கூடாது, பட்டியலில் புதிதாகத் தெரு சேர்க்கவும் கூடாது, ஏகமனதாக நிறைவேறியது. அதையும் அம்சவேணிதான் அடித்தாள். அடித்து முடித்தபோது ஒரு கூட்டம் ஆட்களை இவ்வளவு வெறுக்க முடியும் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

நாள் ஓடியது. தினமும் காலையில் போன் வரும், "பதினாலு குடம்டி", அடுத்த நாள் "பதினோரு குடம், பிள்ளை பெத்தவளுக்கு ரெண்டு குடுத்துட்டேன்", அதற்கடுத்த நாள் "ஒம்போது". பதினான்காம் தேதி "மூணு" என்றாள் கெங்கம்மா. குரல் வறண்டிருந்தது, ஆனால் கிண்டல் குறையவில்லை. "உங்க ஆபீஸ் செவுத்துல நீலமா பெருசா என்னமோ எழுதியிருக்குமே, தண்ணியப் பத்தி. மந்திரி வந்தப்ப எழுதினது. அதுக்கு நாந்தான் வாளியப் புடிச்சேன், பெயிண்டு என் சேலையெல்லாம். அதுல என்னடி எழுதியிருக்கு? படிச்ச பொண்ணாச்சே நீ."

அம்சவேணி தினமும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் போவாள், ஒரு நாளும் நின்று படித்ததில்லை. அன்றைக்குப் போய் நின்றாள். "இப்பேரூராட்சியில் குடிநீர் சுழற்சி முறையில் வழங்கப்படும். ஒவ்வொரு முறையும் முதலில் நீர் பெற்ற தெரு கடைசிக்குச் செல்லும். விதி ஒன்பது. இப்படிக்கு, க. கனகசபாபதி, தலைவர்." எட்டு வருஷத்துக்கு முந்தைய பெயிண்ட். ஒரு தடவைகூட நடைமுறைக்கு வராத விதி, ரத்தும் ஆகாத விதி. அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு உள்ளே போய், "விதி ஒன்பதின்படி பட்டியல் வரிசை மாற்றம், கையொப்பத்துக்கு" என்று ஒரு குறிப்பு அடித்து, பிறப்புச் சான்றிதழ் கோப்புகளுக்கும் தெருவிளக்குக் கோப்புகளுக்கும் நடுவே செருகி ஈ.ஓ. மேஜையில் வைத்தாள். புஷ்பநாதன் ஐந்தேகாலுக்கு மொத்தமாக உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவர், கடிகாரத்தைப் பார்த்துப் போடுவாரே தவிரக் காகிதத்தைப் பார்த்ததில்லை.

பதினாறாம் தேதி காலை பதினொரு மணி. ஈ.ஓ. கடவுச்சொல்லைப் போட்டுவிட்டு, தீர்மானத்தின்படி கண்காணிக்க வேண்டும் என்று பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஸ்கிரிப்டைத் தொடக்கூடாது."

"தொடல சார்."

"புதுசா தெரு சேர்க்கக்கூடாது."

"சேர்க்கல சார். விதி ஒன்பதுப்படி முதல் தெருவைக் கடைசிக்குக் கொண்டுபோறேன். நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க." குறிப்பை எடுத்துக் காட்டினாள். புஷ்பநாதன் தன் கையெழுத்தைப் பார்த்தார். தன் கையெழுத்தை மறுக்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

அம்சவேணி மேலே போய் "சன்னதித் தெரு" என்ற இரண்டு சொல்லை மட்டும் வெட்டி எடுத்தாள், மேலே மிச்சமிருந்த வெற்று வரியையும் அழித்தாள். கீழே இறங்கி இறங்கி வாய்க்கால் காலனிக்கு வந்தாள், அதன் கடைசி எழுத்துக்குப் பின்னால் போய் நின்றாள். அங்கே ஒரு எண்டர் தட்டினாள். கையெழுத்துக் காலம், டைப்ரைட்டர் காலம், கம்ப்யூட்டர் காலம் எல்லாவற்றிலும் சேர்த்து அந்த இடத்தில் விழுந்த முதல் எண்டர் அது, டொக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். புது வரியில் சன்னதித் தெருவை ஒட்டினாள். அதற்குப் பின்னால் எண்டர் தட்டவில்லை. ஏன் தட்ட வேண்டும்? அதற்கப்புறம் தெரு ஏது?

பியூன் குத்தினார்.

போன் உடனே அடித்தது. "அம்சா, வழி தொறந்துச்சு! தண்ணியும் வருது!" என்று கெங்கம்மா கூவிய கூவலில் பியூன் சீலைக் கீழே போட்டுவிட்டார். வாய்க்கால் காலனி மதிலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே பழைய இடத்தில் பழையபடி இருந்தது, சன்னதித் தெரு பிடிக்காத தண்ணீர் அதன் குழாய் வரைக்கும் இறங்கியிருந்தது. அதன் பக்கத்தில் மட்டும் காலித் தெரு முளைக்கவில்லை, வாத்து சிஸ்டத்து எண்டருக்கு ஒரு குறிதானே. பஸ் ஸ்டாண்டில் கிடந்தவர்கள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

சன்னதித் தெரு இல்லாததை ஊர் மூன்று நாள் காத்திருந்து கவனிக்கவில்லை, மூன்றே நிமிஷத்தில் கவனித்துவிட்டது. ஆபீஸ் வாசலில் கூட்டம், கலெக்டருக்குத் தந்தி அடிக்கவேண்டும் என்று ஒருத்தர், தந்தியே நின்று வருஷக்கணக்காகிறது என்று இன்னொருத்தர். கோவிலுக்கு ஒன்றும் ஆகவில்லை, சாமிக்கு நான்கு வாசல். புஷ்பநாதன் மட்டும் அன்றைக்கு ஒரு நாள் காகிதத்தைப் பார்த்துப் பேசினார். தீர்மானம் நாற்பத்தேழை மன்றம்தான் மாற்றலாம், மன்றம் கூடப் பதினைந்தில் எட்டுப் பேர் வேண்டும், வெளியே இருப்பது ஆறு பேர். நடுவில் பட்டியல் ஓட்ட விதி இல்லை. போன தடவை ஓட்டினீர்களே என்று யாரோ கேட்டார்கள். "அது சேர்மன் வாய்மொழி உத்தரவு. இப்ப அவர் வந்து நேர்ல சொல்லட்டும்" என்றார் ஈ.ஓ., சொல்லிவிட்டு ஐந்தரை பஸ்ஸுக்குப் போனார். அடுத்த பட்டியலில் கீழ ரத வீதி கடைசிக்குப் போகும் முறை வருகிறது என்று யாரோ விரல் விட்டு எண்ணிச் சொன்னதும், மிளகாய் காயப்போட்ட பெண்கள் மிளகாயை வாரிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஐந்தாம் நாள் மத்தியானம் அம்சவேணி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். போன் வந்தது.

"அம்மாடி, அம்சவேணியா? கனகசபாபதி பேசுறேம்மா." ஆறு வருஷத்தில் அவர் வாயில் அவள் பேர் வந்தது அன்றைக்குத்தான்.

"சொல்லுங்க ஐயா. தண்ணி இருக்கா?"

"தண்ணிக்கு என்னம்மா, சம்ப்பு நிறைய இருக்கு. சாக்கடைதான் அடைச்சுக்கிச்சு. வாசல் வரைக்கும் ஏறி நிக்குது, நாத்தம் குடலைப் புரட்டுது, சோத்துல கைவைக்க முடியல. ஒரு எண்டர் தட்டும்மா. உனக்குப் புண்ணியமா போகும்."

"தட்டக்கூடாதுன்னு தீர்மானம் இருக்கே ஐயா. மனு குடுங்க, கூட்டத்துல வைக்கச் சொல்றேன்."

"மனுவை எப்படிம்மா குடுக்கிறது? முனைக்கு வந்தா என் வீட்டு வாசலுக்கே திரும்ப வந்து நிக்கிறேன்!" கிட்டத்தட்ட அழுகிற குரல். அம்சவேணிக்கு இரக்கம் வரும் என்று பயமாக இருந்தது. வரவில்லை. "இல்லேன்னா ஆளையாவது அனுப்பு. உங்கம்மாதானே எங்க தெருவைப் பாக்கிறது."

கெங்கம்மா கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள், முட்டியை நீவி விட்டுக்கொண்டே பேசினாள். "ஐயா, கும்பிடுறேங்க. உங்க வூட்டு எதுர்ல மூணாவது மூடி இருக்கு பாருங்க, அதுலதான் அடைச்சிருக்கும். உங்க மண்டபத்து எச்சி எலை பூரா அங்கதான் வந்து நிக்கும். பக்கத்து சந்துல என் மூங்கில் கழியச் சொருகி வச்சிருக்கேன், எடுத்துக்குங்க. மூடியத் தொறந்து நல்லா குத்துங்க. கழி பாதிதான் போவும், அதுக்கப்புறம் கைய விட்டுத்தான் எடுக்கணும்."

"கையையா?"

"ஆமாங்க. தோள் வரைக்கும் விடணும். மூக்கைப் பொத்தாதீங்க, ரெண்டு கையும் வேணும். மொத நாளுதான் கொமட்டும். அப்புறம் பழகிடும்."